யாரோட வச்சாலும்

“...அந்த ஒரு வரி வர்றப்ப மட்டும் நான் வாய மூடிக்குவேன் அக்கா.”

அட்டனிலிருந்து நோர்வூட் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரம் அக்கா, நடுவில் இவள், ஓரத்தில் இவளுடைய பை. வருஷத்தின் முதல் ஞாயிறு. மெதடிஸ்த கோயிலில், ஆண்டவரோடு செய்த உடன்படிக்கையை எல்லாரும் சேர்ந்து செபமாகச் சொல்லிப் புதுப்பிக்கப் போகிறார்களாம்.

“எந்த வரி?”

“யாரோட வச்சாலும் சம்மதம்னு ஆண்டவருகிட்ட சொல்லுவோமே, அதுதான். எங்க ஓர்ப்படியா, அந்தக் கொழுந்தன் பொண்டாட்டியோட ஒரே நிரையில கொழுந்தெடுக்க மாட்டேன்னு காலையில வேல பிரிக்கிற பெரட்டுல கங்காணிகிட்ட சண்ட புடிக்கிறவ நானு. கோயில்ல எப்புடி சொல்ல?”

“ஆண்டவரு என்ன கங்காணியா, ஒனக்கு நிரைய மாத்திக் குடுக்க?”

“அதான் அக்கா பயமே! சொன்ன ஒடனே அவ பக்கத்துலயே போட்டுட்டாருன்னா?”

“நம்ம அப்பா அம்மால்லாம் முழுசா சொன்னது புள்ள. பாதிய முழுங்குனா அது என்னா உடன்படிக்க?”

அடுத்த சந்தியில் கையில் பாட்டுப்புத்தகத்தோடு ஒரு பெண் ஏறினாள்.

“வந்துட்டா பாரு ஒன் ஓர்ப்படியா,” என்று அக்கா சிரித்தாள்.

“பின்னால போங்க, எடம் இருக்கு!” என்று கத்தினார் கண்டக்டர்.

இவள் சன்னலைப் பார்த்துக்கொண்டே, ஓரத்துப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.