விசில் வந்தா படுத்துக்கணும்

வயித்துல அரிசி, தலையில தொப்பி, அது கத்துனாதான் வூட்ல எல்லாருக்கும் சோறு. இன்னா அது, சொல்லு பாப்போம் தம்பி.

குக்கரா... குக்கர கையில வச்சிகினு குக்கர்னு சொல்றதுக்கு விடுகத எதுக்கு. தப்பு. அது எங்க மாமனாரு, ஷாகுல் ஹமீது. பட்டாளத்து தொப்பி கடைசி வரிக்கும் அவரு தலைய வுட்டு எறங்கல. அவரு ஒரு கத்து கத்துனாதான் எங்க வூட்ல சாப்பாட்டுக்கு பாய் விரிப்பாங்க.

குடு அத்த. இன்னா கோளாறு... விசிலே வரல, சைடுல புஸ்ஸுனு போவுதா. கேஸ்கட்டு போயிருக்கும். குந்து, அஞ்சு நிமிசம். இல்ல, பத்து. கைதான் உன் குக்கர்ல கீது, காது அந்த போன்ல கீது. அது அடிச்சா பாதில வுட்டுட்டு எடுப்பேன், கோச்சுக்காத. இப்போ, இந்த நேரத்துல, கல்மண்டபத்துல எங்க மாமனாரு வூட்ல ஒரு தீர்ப்பு நடந்துகினு கீது. அந்த வூட்டு மாப்பிள்ள நானு இங்க வண்ணாரப்பேட்டைல மூடி சொரண்டிகினு கீறேன். நான் வரக்கூடாதாம். மொஹ்சின் வந்தான்னா புள்ளைய கெடுத்துடுவானாம். நான் கெடுப்பனா... சரி, கொஞ்சம் கெடுத்தேன். அத்த அப்பறம் சொல்றேன்.

மாமா மவுத்தாயி நேத்தோட நாப்பது நாளு. ஃபாத்தியா ஓதியாச்சு. எம்பத்தஞ்சு வயசு, பல்லு ஒண்ணு கூட வாடகைப் பல்லு இல்ல. எழுவத்தொண்ணு சண்டைல எல்லைல இருந்தவரு. அங்க இன்னா பழக்கம்னா, குண்டு வர்றதுக்கு முன்னாடி ஒரு விசில் சத்தம் வருமாம். கேட்டவொடனே குப்புற படுத்துக்கணும். யோசிச்சவன் வூட்டுக்கு தந்திதான் போவும்.

அப்படியாப்பட்ட மனுசன் பட்டாளத்த வுட்டு வந்து இன்னா வேலைக்கு சேந்தாரு தெரியுமா. குக்கர் விக்க. சேல்ஸ் ரெப்பு. ஊர்ல சோப்பு கீது, ஊதுவத்தி கீது, வளையலு கீது. இவருக்கு குக்கரு.

சிரிக்காத, இன்னும் மேட்டரே வரல.

மொத மொத நெட்டுக்குப்பத்துக்கு போறாரு. சைக்கிள் கேரியர்ல பொட்டி, தலையில தொப்பி. அப்போ அங்க யாரும் குக்கரு பாத்ததில்ல, வெடிச்சுடும்னு பயம். இவரு மணல்ல அடுப்பு மூட்டி, அரிசி போட்டு, மூடி, பக்கத்துல அட்டேன்சன்ல நின்னுகினு சொல்றாராம், "நான் குண்டு வெடிச்சு பாத்தவன். இது வெடிக்காது. என்ன பாத்துக்கங்க. நான் இன்னா செய்யறனோ அத்த செய்யுங்க, போதும்." குப்பமே படகுக்கு பின்னாடி நின்னு பாத்துகினு கீது.

விசில் வந்துச்சு.

மாமா மணல்ல குப்புற கீறாரு.

வேணும்னு இல்ல தம்பி. ஒடம்பு அதுவா படுத்துகிச்சு. ரெண்டு செகண்டு கழிச்சு தல தூக்கி பாக்கறாரு, குப்பமே படுத்துனு கீது. பொம்பளைங்க, கெழவனுங்க, வல பின்னிகினு இருந்தவனுங்க, அல்லாரும். அவருதானே சொன்னாரு, நான் செய்யறத செய்யுங்கன்னு. குக்கர்னா இப்படிதான் போலன்னு நெனச்சிகிச்சுங்க.

அவரு இன்னா செஞ்சாரு, எழுந்து மணல தட்டிகினு, "இதான் ரூல்சு. விசில் வந்தா படுத்துக்கணும்"னாரு. அன்னிக்கே குப்பம்மான்னு ஒரு பொம்பள வாங்கிச்சு. அதுங்கிட்ட பாத்து அடுத்த வூடு, அதுக்கு அடுத்த வூடு. அந்த குப்பம்மா மய்யத்துக்கு வந்துச்சு தம்பி, "குக்கர் மிலிட்ரி போயிட்டாரா"ன்னு கேட்டு அழுதுச்சு. இன்னிக்கும் வூட்ல விசில் வந்தா குந்திக்குதாம். முட்டி வலி, படுக்க முடியல, அதான் குந்தறேன், தப்பா எடுத்துக்காதீங்கன்னு எங்க மாமி கிட்ட மன்னிப்பு வேற கேட்டுச்சு.

எழுந்துக்காத, எழுந்துக்காத. மூடி என் கையில கீது, மூடி இல்லாத எங்க போவ. வூட்ல திட்டுவாங்களா... புதுசா கல்யாணம் ஆனவன் மூஞ்சி உனக்கு. அப்போ இத்த கேளு, இது என் கத.

பொண்ணு பாக்க போறேன். நானு, எங்க அம்மா, ரெண்டு மாமு. அல்லாரும் குந்திகினு கீறோம், என் கையில டீ. உள்ள சமயக்கட்டுல விசிலு. மாமனாரு தொப்புனு படுத்தாரு. மாமி படுத்தாங்க. என் மச்சான் பிலாலு, அப்போ பொடிப்பையன், அவன் படுத்தான். பொண்ணு ஷாஸியா, பட்டுப் பொடவ, தலையில முக்காடு, தட்டுல சமோசா, தட்டு சாயாத அப்படியே படுத்துச்சு தம்பி. ஒரு சமோசா கீழ வுழல. வூட்ல நாங்களும் டீயும்தான் நிமிந்து கீறோம். எங்க அம்மா என் காதுல, "டேய், ஓடிடலாம்டா"ன்னுச்சு. நானு சமோசாவ பாத்தேன். இந்த பொண்ணுதான்னு சொல்லிட்டேன்.

அப்பறம்தான் ஷாஸியா சொல்லிச்சு. மாமாவுக்கு கல்யாணமான புதுசுல அவரு தனியா படுத்து, எழுந்து, மூஞ்ச காட்ட வெக்கப்பட்டுகினு மாடிக்கு போயிடுவாராம். ரஹீமுன்னிசா மாமி பாத்தாங்க. ஒரு நாளு அவங்களும் பக்கத்துல படுத்துகினு, "தரை ஜில்லுனு நல்லா கீது"ன்னாங்களாம். அதுக்கப்பறம் புள்ளைங்க பொறந்துச்சு, அதுங்களும் படுத்துச்சு. அல்லாரும் படுத்தா அது பயம் இல்ல பாரு, வூட்டு பழக்கம்.

நான் ஒரு வாட்டி கேட்டேன். மாமா, இத்தன பேஜாரு வச்சிகினு இந்த வேல எதுக்கு, மிக்ஸி விக்கலாமேன்னு. அவரு சொல்றாரு, "எண்ணூர் வரிக்கும் ஒரு வூடு வுடாம விசில் அடிச்சா, எனக்கு பழகிடும்ல மாப்ள." அந்த வேகத்துலதான் வித்தாரு மனுசன். ராயபுரம், தண்டையார்பேட்ட, திருவொற்றியூரு, எந்த சந்துல நின்னாலும் பத்து மணிக்கு விசிலா அடிக்கும், அல்லாம் அவரு வித்தது. பழகிச்சான்னு கேளேன். பழகல. ஃபாக்டரி சைரன் ஊதுனா கண்ண சிமிட்ட மாட்டாரு. இந்த கட்டவெரல் சைசு விசிலு, தொப்புனு படுத்துப்பாரு.

ஊரெல்லாம் சமைச்சு காட்டுவாரு, ஒரு வாயி துன்ன மாட்டாரு. பிரியாணியே வெந்தாலும் தொடமாட்டாரு. "என் சோறு வூட்ல கீது"ன்னு சைக்கிள மிதிச்சுகினு கல்மண்டபம் வந்துடுவாரு. ரெண்டு மணி ஆவும், மூணு ஆவும். மாமியும் துன்னாத குந்தினு இருப்பாங்க.

கடைசி நாளு. கட்டில்ல கீறாரு, எழ முடியல. அல்லாரும் சுத்தி நிக்கறோம். உள்ள விசிலு. நாங்க அல்லாம் தொப்பு தொப்புனு தரைல. அவரு மேலேர்ந்து பாத்துட்டு சொல்றாரு, "இன்னிக்குதான்டா நான் உங்களுக்கு முன்னாடி ரெடி." வூடே படுத்துகினு சிரிக்குது, வந்த டாக்டரு வாசல்லயே நின்னுட்டாரு. சாயங்காலம் போயிட்டாரு.

...இரு, கண்ணுல இன்னாவோ பட்டுச்சு. கேஸ்கட்டு தூசு.

இப்போ தீர்ப்புக்கு வர்றேன். மாமா ரெண்டு சாமான் வச்சிட்டு போயிருக்காரு. ஒண்ணு மெடலு. ஒண்ணு அந்த மொத குக்கரு, நெட்டுக்குப்பத்து மணல்ல வச்சது, இடுப்புல ஒரு நசுங்கலு. பிலாலும் அத்த கேக்கறான், ஷாஸியாவும் அத்த கேக்குது. அக்கா தம்பி பேச்சு வார்த்த இல்ல. பிலாலு என்ன கேக்கறான், "கட பூரா குக்கரு கீது, இன்னும் ஒண்ணு எதுக்கு மச்சான்"னு. நியாயம்தான். ஆனா மாமா போனதுலேர்ந்து என் வூட்ல அடுப்புல குக்கரே ஏறல தம்பி. குக்கர் ரிப்பேர் கடக்காரன் வூட்ல பானைல சோறு பொங்குது. ஷாஸியாவ கேட்டா, "விசில் வந்தா இனிமே யாருக்காக படுக்கறது"ங்குது. அவங்க அப்பா குக்கரு வந்தா ஏத்துவேன்னு சொல்லிச்சு. எனக்கு அது போதும்.

மாமி சொல்லிட்டாங்க, சண்ட வேணாம், அவரு வழிதான். அவரு வேபாரத்துல ஒரு வழி வச்சிருந்தாரு. ரெண்டு சைசு குக்கர வச்சிட்டு, வூட்ல கீற பொடிசு எத்த எடுத்துக்குதோ அதுக்கு பில்லு போடுவாரு. பொடிசு எடுத்தத எந்த அம்மாவும் மாத்துனதில்ல. எங்க வூட்ல பொடிசு பிலால் பொண்ணு உமைமா. அஞ்சு வயசு. தவழும்போதே விசில் வந்தா தாதா, அதான் எங்க மாமா, அவரு பக்கத்துல போயி படுத்து, அவரு காத ரெண்டு கையாலயும் பொத்திக்கும். அது எத்த எடுத்துக்குதோ அது பிலாலுக்கு. மத்தது எங்களுக்கு.

அப்போ அது மெடல எடுக்கணும். புரியுதா. அதுக்கு நான் ஒரு சின்ன ஏற்பாடு செஞ்சேன். தங்க காயின் சாக்லெட்டு விக்குதுல்ல, ஜிகினா பேப்பர் சுத்துனது, அத்த வாங்கி குடுத்து, மெடலும் அந்த ஜாதிதான், உள்ள சாக்லெட்டுன்னு சொல்லி வச்சேன். பிலாலு மட்டும் யோக்கியனா. அவன் வெளாட்டு அடுப்பு செட்டு வாங்கி குடுத்து, குக்கரு, குக்கருன்னு ஓதிகினு இருந்தான். அவன் மாட்டல. நான் மாட்டிகினேன். நேத்து ஃபாத்தியா முடிஞ்சு பள்ளிவாசல் அஜரத்து, பெரியவங்க அல்லாம் குந்தினு இருக்கும்போது இது மாமிய கேக்குது, "தாதி, தாதா மெடல எப்ப உரிச்சு துன்னலாம்"னு.

அதான், எனக்கு தட.

இரு. அடிக்குது.

சொல்லு ஷாஸியா... ம்... பாய்ல வச்சாங்களா... ம்... மெடல பாத்துச்சா... கடிச்சு பாத்துட்டு கீழ வச்சிடுச்சா... சரி, திட்டாத, அப்பறம்... குக்கரு கிட்ட போச்சா... ம்... ம்... நீ அழுவறியா, சிரிக்கறியா... ரெண்டுமா... சரி. வெக்கறேன்.

இந்தா தம்பி, உன் மூடி.

புள்ள மெடலையும் எடுக்கல, குக்கரையும் எடுக்கல. மேல இருந்த விசில கழட்டிகினு தாதா கட்டில்ல போயி படுத்துகிச்சாம்.