கோர்வைத் தறிக்கு இரண்டு ஆள்

ஜெயில் சாப்பாட்டைப் பற்றி வெளியே கண்டபடி பேசுகிறார்கள். இங்கே போடும் கோழிக் குழம்பை ஒரு தடவை சாப்பிட்டவன் அப்படிப் பேச மாட்டான். நான் உள்ளே வந்த பிறகுதான் ஒரு சுற்று பெருத்தேன். எழுத்தும் இங்கேதான் கற்றேன். நாற்பத்தேழு வயதில் 'அ' போட்டவன், வரி கொஞ்சம் ஏறி இறங்கும். ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பரசுராமன். ஊர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஓரிக்கை. வெளியே இருந்தவரை தறிக்கூலி. நீங்கள் கேட்பது காஜாவைப் பற்றி. அவன் ஐயம்பேட்டைக்காரன், தறிக்கு மரவேலை செய்தவன். ஒரு சண்டையில் கையிலிருந்த உளி போகக் கூடாத இடத்தில் போய்விட்டது. ஆயுள் தண்டனை.

நான் வந்த முதல் வாரம், குளிக்கும் இடத்தில் நான்கு பேர் என்னைப் போட்டு மிதித்தார்கள். முன்பின் தெரியாத காஜா குறுக்கே விழுந்தான். அவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. "வுடுபா, அது ஏற்கெனவே ஆடிக்கினுதான் இருந்துது" என்றான். அன்றிலிருந்து ஒரே தட்டு.

பிறகு சிறைக்குப் பட்டுத்தறி வந்தது. கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நடுவில் உட்கார்ந்தவன் நூல்கட்டையான நாடாவை எறிந்தால், வலது கரைக்கு இன்னொருவன் பக்கத்தில் இருந்து எறிய வேண்டும். ஒருவன் எழுந்து போனால் தறி நின்றுவிடும். மூன்று பேரை உட்கார வைத்துப் பார்த்தேன், நூல்தான் அறுந்தது. காஜாவின் கை மட்டும் என் கையோடு சேர்ந்தது. நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே நெய்தோம். வார்டர் வெங்கடேசன் எட்டிப் பார்த்து, "இது ஜெயிலா, கல்யாண வூடா?" என்பார்.

அவன் முன்விடுதலைக்கு மனு போடலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள். அவனுக்கு உருது எழுத்துதான் தெரியும். "நீயே எழுதுபா. உன் எழுத்து முத்து மாதிரி இருக்குது" என்றான். அதுவரை என்னிடம் முத்து மாதிரி எதுவும் இருப்பதாக யாரும் சொன்னதில்லை.

நன்றாக யோசித்துத்தான் எழுதினேன். வெளியே போனால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? சித்தாரா என்று ஒரு மனைவி, இரண்டு பெண்கள். அவ்வளவுதான்.

'செய்ததற்கு நான் வருந்தவில்லை. வெளியே வந்தால் செத்தவனின் தம்பி ரியாஸையும் விடமாட்டேன்.' இதுதான் நான் எழுதியது. ஒரு பிழைகூட இல்லை. பிறகு காகிதத்தைப் பிடித்து அவனுக்குப் படித்துக்காட்டினேன். 'என் மகள்களின் கல்யாணத்தைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறேன்' என்று நான் படித்தபோது அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். உருதுவில் கையெழுத்துப் போட்டான்.

தள்ளுபடி ஆயிற்று. அடுத்த வருடமும் எழுதினேன், அதற்கடுத்த வருடமும். ஒவ்வொரு தடவையும் அவன்தான் என்னைத் தேற்றினான். "அழாதபா. உன் மேல இன்னா தப்பு? அவங்க மனசு கல்லு." அவன் மூத்த பெண் ஃபராவின் கல்யாணம் நடந்த அன்று நாங்கள் மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவை முடித்தோம். அவ்வளவு சுத்தமான கோர்வை என் ஆயுளில் விழுந்ததில்லை.

போன வாரம் புது அதிகாரியாக நீங்கள் வந்தீர்கள். ரியாஸைக் கொல்வேன் என்று ஏன் எழுதினாய் என்று அவனிடமே கேட்டீர்கள். அவன் சிரித்தானாம். "எழுதினது பரசு, சார். அவன் எனக்குத் தப்பா எழுத மாட்டான். ஆபீஸ்லதான் வேற யார்துன்னா மாத்தி வெச்சிருப்பாங்க."

ஆபீஸில் யாரும் மாற்றவில்லை ஐயா. மூன்று மனுவும் நான் தெரிந்தே எழுதியவை. இந்த வாக்குமூலம் இருந்தால் அவனை விட்டுவிடலாம் என்கிறீர்கள். விடுங்கள், நண்பனின் நல்லதுக்கு நான் குறுக்கே நிற்பவன் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அவனிடம் வேறு யாரும் வாசிக்க வேண்டாம். நானே படித்துக்காட்டுகிறேன்.