ஒரு சிப்பாய் கூடுதல்

குன்னூரில் டீ சீக்கிரம் ஆறிவிடுகிறது, இன்ஸ்பெக்டர். நீங்கள் குடித்துக்கொண்டே கேளுங்கள். நான் எதையும் மறைக்கப்போவதில்லை.

பத்தொன்பது வருடமாக மாவட்டச் சதுரங்கப் போட்டியில் ஆடுகிறேன். இந்த வருடத்துக்கு முன் முதலிடம் கிடைத்ததே இல்லை. மூன்று முறை கடைசிச் சுற்றில் என்னை டிராவில் நிறுத்தியவர் காளிமுத்துதான். எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டர். நல்ல மனிதர். தொழிலாளர் குடியிருப்பில் இருக்கும் அவர் லைன் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். அவர் மனைவி வேலாமணி வைக்கும் ரசத்துக்கு ஈடே கிடையாது.

இந்த வருடக் கடைசிச் சுற்று அன்று காலை அவரைக் கொண்டுவந்து விட்டதும் அந்த அம்மாள்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஏனுங்க சார், இவருக்கு சக்கரை ஊசி போட்டிருக்குதுங்க. சாப்பாடு தள்ளிப்போனா கை நடுங்கும், என்ன பேசறோம்னே தெரியாதுங்க. கோட்டுப் பையில குளுக்கோஸ் பொட்டலம் வெச்சிருக்கேன். கொஞ்சம் பாத்துக்கங்க.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆட்டம் மதியச் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிப் போயிற்று. மற்ற மேஜைகளெல்லாம் காலி. இருவரிடமும் ஒவ்வொரு யானை. எனக்கு மூன்று சிப்பாய், அவருக்கு இரண்டு. பார்ப்பவர்களுக்கு நான் ஜெயித்தது போலத் தோன்றும். உண்மையில் எதிராளி சரியாக ஆடினால் அது டிராதான். இந்த மாதிரிச் சின்ன அனுகூலத்தை வெற்றியாக்க ஒரே வழி, அவசரப்படாமல் இருப்பது. யானையை ஒரு கட்டம் இப்படி, ஒரு கட்டம் அப்படி நகர்த்திக்கொண்டே இருந்தால் எதிராளி களைத்துப்போவார்.

நான் அப்படித்தான் நகர்த்தினேன். இரண்டரை மணிக்கு அவர் முகம் கழுவப் போனார். கோட்டு நாற்காலியில் தொங்கியது. திரும்பி வந்து பையைத் துழாவினார். நெற்றியில் வேர்வை. குன்னூர்க் குளிரில் வேர்வை, யோசித்துப் பாருங்கள்.

“சார், டிரா பண்ணிக்கலாங்களா? கண்ணைக் கட்டுதுங்க.”

“விளையாடுங்க காளிமுத்து. ஒரு சிப்பாய் எனக்குக் கூட இருக்குதுல்ல.”

அவர் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியது. அடுத்த நடையிலேயே யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். பத்து வருடத்தில் அவர் செய்த முதல் தவறு அதுவாகத்தான் இருக்கும். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. என் சிப்பாயை முன்னால் தள்ளினேன்.

அவர் மேஜையில் கையை ஊன்றித் தலையை அதில் சாய்த்தார். ஆழ்ந்து யோசிக்கும்போது எல்லோரும் அப்படித்தான் சாய்வார்கள். நடுவர் மரியஅந்தோணி கூடத்தின் அந்தக் கோடியில் சான்றிதழ்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். காளிமுத்துவின் ஆட்டக் கடிகாரத்தில் அப்போது பதினொரு நிமிடம் மீதி. அது தீர்ந்தால் ஆட்டம் என்னுடையது.

ஆறாவது நிமிடத்தில் அவர் மூச்சு சத்தமாகக் கேட்டது. ஒன்பதாவதில் கேட்கவில்லை. பதினொன்று முடிந்ததும் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டேன். முதலில் கடிகாரத்தைக் காட்டினேன். அவர் அதைக் குறித்துக்கொண்ட பிறகு, “இவருக்கு ஏதோ முடியலீங்க போல” என்றேன். ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரம் ஆனது. மலைச் சாலை, யாரையும் குறை சொல்ல முடியாது.

கோட்டைத் திருப்பி வாங்கிய வேலாமணி, பிரிக்காத பொட்டலம் எங்கே என்று உங்களிடம் கேட்டதாகச் சொன்னீர்கள். காளிமுத்து முகம் கழுவப் போனபோது நான்தான் எடுத்தேன். என் வீட்டு அலமாரியில், இந்த வருடம் வாங்கிய முதல் பரிசுக் கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை, அடுத்தவர் பொருளை நான் தின்பவன் இல்லை.

அந்தப் பதினொரு நிமிடம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அது அவருடைய முறை, இன்ஸ்பெக்டர். எதிராளி யோசிக்கும்போது தொந்தரவு செய்யக்கூடாது என்பது விதி. பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட நான் அதை மீறியதில்லை.