லேபிள் ஒட்டும் முன் பிறந்த கோப்பு

என் பெயர் லெயாந்த்ரோ கியவேனோ. வயது 43. தகப்பனார் பெயர் ஓமர். கோர்தோபா நகரம், சான் விசென்தே பகுதியில் குடியிருக்கிறேன். புரோகிராம் எழுதுவது தொழில். யாரும் கூப்பிடாமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

நீதிமன்றக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் கோப்பு முறைமையை எங்கள் கம்பெனி நடத்துகிறது. அது கணினி இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் இல்லாமல், வெளியே சாதாரண புரோகிராமாக ஓடுகிறது. ஒரு கோப்பை யார் படிக்கலாம் என்பதை அதன் பாதுகாப்பு லேபிள்தான் தீர்மானிக்கும். நான் எழுதி வைத்தபடி முதலில் கோப்பு உருவாகும், அதன் பிறகு லேபிள் ஒட்டப்படும், நடுவில் கண்ணிமைக்கும் நேரம் அது திறந்து கிடக்கும். இது எனக்குத் தெரிந்தே இருந்தது.

போன வருடம் யமிலா ஒயோலா என்பவள் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் எல்லாரும் ஒரே குடுவையில் முறை வைத்து மாத்தே என்ற மூலிகை டீ குடித்துக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்த்து, "குண்டு, உன் கோப்பெல்லாம் அம்மணமா பொறக்குது. அப்புறம் நீ சட்டையத் தூக்கிட்டு பின்னாடியே ஓடுற. பொறக்கும்போதே போட்டுவிட்டா என்னவாம்?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு மேலாளர் நோர்மா பெல்லிசா, மாத்தே குடுவைக்கு என் முறை வந்திருந்தும், என்னைத் தாண்டி அவளிடம் நீட்டினார். அன்று பிடித்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அதன் பிறகு யமிலா, கோப்பை உருவாக்கக் கேட்கும் அதே வேண்டுகோளிலேயே லேபிளையும் சேர்த்து அனுப்பும்படி எழுதிக்கொண்டு வந்தாள். சரிபார்த்து அனுமதிக்க வேண்டியவன் நான். பெயர் சரியில்லை, வரி நீளம் என்று சொத்தைக் காரணம் சொல்லித் திருப்பித் திருப்பி அனுப்பினேன். உண்மையில் அதில் ஒரு குறையும் இல்லை. "என் மேல கடுப்புன்னா என்னைத் திட்டிக்கோ, அதை மட்டும் உள்ள விட்டுரு" என்றாள். "நேத்து வந்தவ நீ, அடங்கி இரு" என்றேன்.

இந்த மார்ச் மாதம், கணவனுக்குப் பயந்து ஒளிந்து வாழும் ஒரு பெண்ணின் முகவரி அடங்கிய கோப்பு உருவானது. லேபிள் விழுவதற்குள், தேடலுக்காகப் புதுக் கோப்புகளைப் படித்து வைக்கும் புரோகிராம் அதையும் படித்துவிட்டது, அதன் பிறகு நீதிமன்றங்களில் யார் தேடினாலும் முகவரி வந்தது. அப்படித் தேடிப் பார்த்த கணவன் போய்க் கதவை உடைத்தான். பக்கத்து மாடிக்குத் தாவியதில் அந்தப் பெண்ணுக்குக் கால் முறிந்தது.

லேபிள் தாமதமானதைக் கண்டு யமிலா அந்தக் கோப்பைத் திறந்து பார்த்திருந்தாள். கோப்பைத் திறந்தவர்களின் பதிவில் இருந்த ஒரே ஆள் பெயர் அவளுடையது. முகவரியை விற்றதாக நீங்கள் அவளைப் பிடித்துப் போனீர்கள். "அவ செஞ்சிருப்பாளா?" என்று நோர்மா கேட்டபோது நான் உதட்டைப் பிதுக்கினேன்.

அதன் பிறகு ஓட்டையை அடைக்கும் வேலை என்னிடம் வந்தது. யமிலா எழுதிய திருத்தத்தை ஒரு வரிகூட மாற்றாமல் என் பெயரில் போட்டேன். ஓட்டை அடைபட்டது. நேற்று நோர்மா எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்து, "இத்தனை வருஷத்துல நீ எழுதினதுலயே இதுதான்டா அழகு" என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை காலம் ஏங்கினேன். கேட்டதும் காவலில் கிடக்கிறவள் மேல் மறுபடியும் பொறாமைதான் வந்தது.

மனசாட்சி உறுத்தி வந்ததாக எழுத வேண்டாம். அவளுக்குச் சேர வேண்டிய பாராட்டை என் காதால் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். முகவரியை யாரும் விற்கவில்லை. அவளை வெளியே விடுங்கள்.

நான் சொன்னது இதுவே. படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. "கியவேனோ எழுதிய திருத்தம்" என்று முகப்புத் தாளில் தட்டச்சாகி இருந்ததை மட்டும் அடித்து, "ஒயோலா எழுதிய திருத்தம்" என்று என் கையால் மாற்றினேன்.

அடித்தல் திருத்தல்: ஒன்று.

(ஒப்பம்) லெ. கியவேனோ