முந்திக்கொண்ட வேதசிரோமணி

எங்கள் பயிலரங்குக்கு வருகிறவர்களுக்கு முதலில் கொடுப்பது டீயும் சமோசாவும்தான். வயிறு காலியாக இருந்தால் ஆராய்ச்சி மாணவர்கள் சீக்கிரம் அழுதுவிடுவார்கள். அனுபவத்தில் சொல்கிறேன். நீங்களும் அந்த டீயைக் குடித்துவிடுங்கள் இன்ஸ்பெக்டர் மேடம், ஆறிப்போகிறது. நான் ஓடிவிட மாட்டேன். கேட்டதற்கெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் சரிதா. பொத்தேரிப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்கான உதவி மையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மையம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நூலக மாடியில் ஓர் அறை, ஒரு புரொஜெக்டர், நான். பிஎச்.டி. செய்கிறவர்களுக்கு இரண்டு நாள், மூன்று நாள் பயிலரங்குகள் நடத்துவேன். ஆய்வேட்டை எப்படித் தொடங்குவது, மேற்கோள்களை எப்படிக் காட்டுவது, கைடு முறைத்தால் என்ன செய்வது என்று எல்லாம் சொல்லித்தருவேன். நேரில் வர முடியாதவர்களுக்கு வீடியோக்களும் மாதிரி அத்தியாயங்களும் இணையத்தில் இருக்கின்றன. அதோடு 'எழுத்தறை' என்று ஓர் இணையப் பக்கம். மாணவர்கள் ஆய்வேட்டை அதிலேயே எழுதலாம், அங்கேயே ஒருவருக்கொருவர் தனிச்செய்தி அனுப்பிக்கொள்ளலாம். நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆராய்ச்சி மாணவர்களுக்கு மூளைக்கும் குறைவில்லை, நேரத்துக்கும் குறைவில்லை. உட்கார்ந்து எழுதத்தான் மாட்டார்கள். பயிலரங்கின் முதல் மணி நேரத்தில் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்பேன்: உங்களுக்கு எதைக் கண்டால் பயம்? முதலில் சிரிப்பார்கள். கைடு என்பான் ஒருவன், மாமியார் என்பாள் ஒருத்தி. பிறகு யாராவது மெதுவாகச் சொல்வார்கள்: இதே தலைப்பில் வேறு யாராவது முந்திக்கொண்டால்? அத்தோடு சிரிப்பு நின்றுவிடும்.

பிரேம் என்றொரு பையன் மூன்றாவது அத்தியாயத்தோடு குடும்பமே நடத்திக்கொண்டிருந்தான். நானும் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். மதுரையில் யாரோ அதே தலைப்பில் எழுதுகிறார்கள் என்று ஒருநாள் வதந்தி கிளம்பியது. மறுநாள் முகம்கூட மழிக்காமல் வந்து உட்கார்ந்தான். அந்தப் பருவத்திலேயே முடித்தான். இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். வதந்தி பொய். ஆனால் என் பயிலரங்குகள் எல்லாம் சேர்ந்து செய்யாததை அந்தப் பொய் செய்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் வேதசிரோமணி வந்தார். எழுத்தறையில் அந்தப் பெயரில் ஒரு கணக்கை நானே தொடங்கினேன். தென்மாவட்டத்து ஆராய்ச்சி மாணவர், வயதில் கொஞ்சம் பெரியவர், மிகவும் மரியாதையாக எழுதுவார். யார் எழுத்து தேங்கி நிற்கிறதோ அவருக்கு மட்டும் தனிச்செய்தி அனுப்புவார்: நானும் இதே தலைப்பில்தான் இருக்கிறேன். அவ்வளவுதான். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு தலைப்பு. மாட்டிக்கொள்ளவே இல்லை. தன் தலைப்பில் இன்னொருவர் இருக்கிறார் என்பதை எந்த ஆய்வாளரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். கைடிடம்கூடச் சொல்லமாட்டார், தலைப்பை மாற்றச் சொல்லிவிடுவாரோ என்று. அப்படியே விழுங்கிக்கொண்டு எழுதுவார்கள்.

ஃபாயிசா அனகாபுத்தூர்ப் பெண். அப்பா அயூப் அங்கேயே டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பெருவெள்ளத்தில் ஆறு அவர்கள் வீட்டுக்குள் வந்தது. அதைத்தான் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டாள்: அடையாறு பொங்கினால் தண்ணீர் எந்தச் சந்து வழியாக முதலில் ஏறுகிறது, ஏன். கெட்டிக்காரி. ஆனால் ஒரு வரி எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள், மறுபடி அழிப்பாள். பார்க்கிற எனக்கு எரிச்சலாக வரும்.

எழுத்தறையில் அழித்தது அழியாது மேடம். பழைய வடிவங்கள் எல்லாம் பின்னால் இருக்கும், நிர்வாகி திறந்து படிக்கலாம். அதை விதிமுறைகளிலேயே போட்டிருக்கிறேன். மேற்கோளில் ஒரு காற்புள்ளி தவறினால் தூங்காத இந்தப் பிள்ளைகள் அதை மட்டும் படிப்பதில்லை. அவள் எழுதி அழித்த ஒரு வரியை எடுத்து, வேதசிரோமணி தன் வரியாக அவளுக்கே அனுப்பினார்.

மறுநாள் என் அறைக்கு வந்தாள். கதவை அவளே சாத்தினாள்.

"மேடம், நான் எழுதிட்டு அழிச்ச லைன் அது. யாருக்குமே காட்டல. அவருக்கு எப்படித் தெரியும்?"

"ஒரே சப்ஜெக்ட்ல இருந்தா ஒரே மாதிரிதாம்மா தோணும்."

"வார்த்தைக்கு வார்த்தையா மேடம்?"

தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் மேசைமேல் வைத்தாள். சீக்கிரம் முடித்துவிடுவதுதான் இதற்கு ஒரே வழி என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். போகும்போது, கதவைத் திறப்பதற்கு முன் வெளியே யாராவது நிற்கிறார்களா என்று கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

அன்றிலிருந்து எழுதினாள். லேப்டாப் கேமராமேல் டேப் ஒட்டினாள். தம்பி ஷாகுலை அறைக்குள் விடுவதை நிறுத்தினாள். ஜெனி அவளோடு ஒரே லேபில் இருந்த சிநேகிதி, இருவரும் தினமும் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள். அந்த ஜெனியிடமே, நீதான் என் வரிகளைத் திருடிக் கொடுக்கிறாயா என்று ஃபாயிசா எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். ஜெனி என்னிடம் வந்து அழுதாள். டீ வாங்கிக் கொடுத்துத் தேற்றினேன்.

ஒருநாள் அயூப் கடையைச் சாத்திவிட்டு என்னைத் தேடி வந்தார்.

"தூங்கவே மாட்டேங்குது மேடம். பின்னால யாரோ நின்னுகினு படிக்கிறாங்கன்னு சொல்லுது. சொவத்துல முதுக ஒட்டிகினுதான் எழுதுது. எங்களுக்கே பயமா கீது."

"பிஎச்.டி.ன்னா அப்படித்தான் பாய். முடிஞ்சா தானா சரியாயிடும்."

"உங்களத்தான் மேடம் நம்பிகினு கீறோம்" என்று கும்பிட்டார். அது எனக்குச் சுருக்கென்றது, மறைக்கவில்லை. ஆனால் அந்த மாதம் அவள் இரண்டு அத்தியாயங்களை முடித்திருந்தாள். அதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

எனக்கும் பயம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வேதசிரோமணிக்காக நான் யோசிப்பது நின்றுபோயிற்று. கணக்கைத் திறந்தால் விரல்கள் பாட்டுக்கு அவர் பேச்சை எழுதின. காலையில் முதல்நாள் அனுப்பியதைப் படித்துப் பார்ப்பேன். இவ்வளவு கொடூரமாகவா எழுதினார் என்று இருக்கும். அப்புறம் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

அந்த மழை நாளைத்தானே கேட்கிறீர்கள்? ரெட் அலர்ட் கொடுத்திருந்தார்கள். ஏரியைத் திறக்கப்போகிறார்கள், அடையாற்றில் வெள்ளம் வரும் என்று காலையிலிருந்தே டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அயூப் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு சேலையூரில் தன் தங்கை ஷம்சாத் வீட்டுக்கு வந்துவிட்டார். என் வீடும் கேம்ப் ரோடு பக்கம்தான், அவர்கள் இருந்த தெருவிலிருந்து நடக்கிற தூரம். பல்கலைக்கழகம் விடுமுறை. நான் வீட்டில் இருந்தேன்.

மத்தியானம் வேதசிரோமணி அவளுக்கு எழுதினார்: "சகோதரி, இந்த மழையில் அனகாபுத்தூரில் தண்ணீர் ஏறுவதை நேரில் அளக்கப்போகிறேன். இந்த வருட அளவு இல்லாத ஆய்வேடு இனி பழைய பேப்பர்தான்."

உடனே பதில் வந்தது. "வேண்டாம் சார். அது எங்க தெரு, எனக்குத் தெரியும். ஏற ஆரம்பிச்சா ஓடக்கூட நேரம் இருக்காது."

அவருக்காகப் பயப்படுகிறாள். தன் வரிகளை எல்லாம் திருடுகிற ஆளுக்காக. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வேதசிரோமணி எழுதினார்: "நான் ஏற்கெனவே உங்கள் தெருவில்தான் நிற்கிறேன்."

ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. பிறகு பதில் வந்தது. "நானும் வரேன். அந்த மசூதிச் சந்துல மட்டும் நிக்காதீங்க. அங்கதான் மொதல்ல தண்ணி வரும்."

அளக்கப் போனாளா, அவரை இழுத்துக்கொண்டு வரப் போனாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்கு நீச்சல் தெரியாது என்பது மட்டும் தெரியும். முதல் பயிலரங்கில் எதைக் கண்டால் பயம் என்று கேட்டபோது, எல்லோரும் தலைப்பு, கைடு என்று சொல்ல, அவள் ஒருத்திதான் தண்ணீர் என்றாள்.

சாயங்காலம் அயூப் போன் செய்தார்.

"மேடம், பாப்பா உங்க வூட்டுக்குத்தான் போறேன்னு வண்டி எடுத்துகினு போச்சு. வந்துச்சா? போன் எடுக்க மாட்டேங்குது. இவங்கம்மா அழுதுகினு கீது."

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். எங்கே போனாள் என்று கேட்டிருப்பார். அனகாபுத்தூர் என்று சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார். ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அந்த மனிதரை வீணாகக் கலங்கடிப்பானேன்?

"இங்கதான் இருக்கா பாய். எழுதிட்டிருக்கா. தொந்தரவு பண்ணாதீங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். குரலே மாறிவிட்டது. "ஏதாச்சும் சாப்பிடக் குடுத்துடுங்க மேடம். காலைலேந்து ஒண்ணும் சாப்பிடல."

சரி என்றேன். அப்போது அவர் கிளம்பியிருந்தால் ஒருவேளை நேரம் இருந்திருக்கும். தீயணைப்புக்காரர்கள் அவளை மறுநாள்தான் எடுத்தார்கள். மசூதிச் சந்துக்குள் வண்டி சாய்ந்து கிடந்தது, அவள் பையில் அளவு டேப் இருந்தது. எழுத்தறையில் எல்லோரும் அஞ்சலி எழுதினார்கள். வேதசிரோமணியும் நாலு வரி எழுதினார். எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

அடுத்து நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஜெனி சொல்லியிருப்பாள். ஆமாம், ஃபாயிசா ஆய்வேட்டை முடித்துவிட்டாள். மழைக்கு முன்பே முடித்துவிட்டாள். கைடு கையெழுத்துப் போட்டாகிவிட்டது, கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பாக்கி. அது எனக்குத் தெரியும். அவளே ஒரு டப்பா நிறையத் தம்ரூட் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அவள் அம்மா செய்த இனிப்பு, இன்னும் சூடு ஆறவில்லை. அவள் சிரித்து அவ்வளவு நாளாயிற்று என்பது அவள் சிரித்த பிறகுதான் எனக்குப் பட்டது.

அவ்வளவு நேரம் நின்றுகொண்டே பேசியவள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மேடம், நீங்களும் உங்க பிஎச்.டி.ய முடிச்சிடுங்க. ரெண்டாவது சாப்டர்லயே விட்டுட்டீங்களாமே, லைப்ரரி பொன்னுசாமி அண்ணா சொன்னாரு. நான் டெய்லி வந்து உங்களுக்கு டைப் பண்ணித் தரேன். என்னாலயே முடிஞ்சிடுச்சு, உங்களால முடியாதா? பயப்படாதீங்க மேடம்."

நல்ல பெண். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. நானும் சிரித்தேன். டப்பாவைக் கழுவித் துடைத்து அவளிடம் கொடுத்தேன், படிவரை போய் வழியனுப்பினேன். அறைக்குத் திரும்பி வந்து வேதசிரோமணியின் கணக்கைத் திறந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள் மேடம். வேதசிரோமணி நான்தான். அவளை அந்தச் சந்துக்குப் போக வைத்தது நான், அவள் அப்பாவிடம் பொய் சொல்லி அவரைத் தேடிப் போகவிடாமல் தடுத்ததும் நான். இந்த வருட வெள்ளத்தையும் சேர்த்திருந்தால் அவள் ஆய்வேடு இன்னும் நன்றாக வந்திருக்கும், அவள் நல்லதுக்குத்தான் செய்தேன். அன்று அவள் என்னிடம் அப்படிச் சொன்னதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.