மாசம் ஒரு பாட்டில்

தசரதன்: ...இருங்க, இருங்க. ஒண்ணுமே தெரியல. வெறும் வெளிச்சம்தான்.

மணிமொழி: மைக்ராஸ்கோப்புல கண்ண இன்னும் கிட்ட வைங்க. நான் திருப்பறேன்... இப்ப?

தசரதன்: இப்ப... ஐயோ. ஓடுதுங்க.

மணிமொழி: ஓடாம? கிருமிங்க உயிரோட இருக்குதுல்ல.

தசரதன்: இவ்ளோவும் என் யூரின்லயா?

மணிமொழி: காலைல நீங்க குடுத்த பாட்டில்லேந்து ஒரே ஒரு சொட்டு.

தசரதன்: தீபத்தன்னிக்கு மலை சுத்தற கூட்டம்கூட இவ்ளோ ஜாஸ்தி இருக்காது. ஒண்ணு மேல ஒண்ணு முட்டிக்கக்கூட இல்ல பாருங்க...

மணிமொழி: எனக்குப் பாத்துப் பாத்து சலிச்சுப்போச்சு. நாலு வருஷமா உங்க ரிப்போர்ட்ல இதத்தான எழுதறேன்.

தசரதன்: லாட்ஜ் கட்டறப்ப சாரத்துலேந்து விழுந்து ஒம்பது வருஷமாச்சு. இடுப்புக்குக் கீழ எறும்பு கடிச்சாக்கூட எனக்குத் தெரியாது. அங்க இதுங்க பாட்டுக்கு...

மணிமொழி: பயமா இருக்குதா?

தசரதன்: பயமில்லீங்க. செத்த எடம்னு நெனச்சிட்டிருந்தேன். ஒரு ஊரே இருக்குது.

மணிமொழி: முதுகுத்தண்டு அடிபட்டு, டியூப் போட்டு யூரின் எடுக்கறவங்க நெறைய பேருக்கு இப்படித்தான். குடியிருந்துட்டுப் போவுது. காய்ச்சல் கீய்ச்சல் இல்லாத வரைக்கும் ஒண்ணும் பண்ணாது.

தசரதன்: ஓ... அதான் டாக்டர் அஞ்சு மாசமா மாத்திரை எழுதலியா?

மணிமொழி: சும்மா சும்மா முழுங்கினா இதுங்களுக்குப் பழகிடும். நெஜமா காய்ச்சல் வர்றப்ப மருந்து கேக்காது.

தசரதன்: ஒண்ணு கேக்கட்டுமா... என் ஃப்ரெண்டு ஒருத்தன். அவனுக்கும் இதே கேஸ்தான்.

மணிமொழி: உங்கள மாதிரியே செங்கம் ரோட்டுல எஸ்டிடி பூத் வெச்சிருக்காரா அந்த ஃப்ரெண்டு?

தசரதன்: கிண்டல் பண்ணாதீங்க. அவன் கல்யாணம் பண்ணிக்கிட்டா... அந்தப் பொண்ணுக்கு இது ஒட்டிக்குமா?

மணிமொழி: ஒட்டாது. டியூப் எடுத்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினா போதும்.

தசரதன்: நல்லாத் தெரியுமா உங்களுக்கு?

மணிமொழி: டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன்.

தசரதன்: நீங்க எதுக்குக் கேட்டீங்க?

மணிமொழி: ...ஸ்லைடு காயுது. பாக்கறதுன்னா பாருங்க.

தசரதன்: மைக்ராஸ்கோப் எப்பவும் மேஜை மேலதான இருக்கும். இந்த ஸ்டூல் ஏது? என் சக்கர வண்டி உயரத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்குது.

மணிமொழி: பழைய ஸ்டூல்தான். உசரமா இருந்துது. ஆசாரிகிட்ட குடுத்துக் கால அறுத்தேன்.

தசரதன்: எனக்காகவா?

மணிமொழி: உங்க ஃப்ரெண்டுக்காக.

தசரதன்: டாக்டர் அனுப்பினாருன்னு ஒரு பொய் சொல்லிட்டேங்க. காய்ச்சல் இல்லாட்டி டெஸ்ட்டே வேணாம்னு டாக்டர் தை மாசமே சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் மாசாமாசம் பாட்டில எடுத்துக்கிட்டு... நானாத்தான் வந்தேன்.

மணிமொழி: எனக்கும் தை மாசமே சொல்லிட்டாரு. தசரதன் வந்தா திருப்பி அனுப்பிடும்மான்னு.