கழுதைச் சீட்டு

மலாயாவில் எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் கழுதை கிடையாது. மாடு உண்டு, ஆடு உண்டு, கோழியும் வாத்தும் நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலெல்லாம் மேயும். கோலசிலாங்கூர் வரை போய்த் தேடினாலும் ஒரு கழுதையைப் பார்க்க முடியாது. அப்படியிருந்தும் ஊரில் கழுதை யார் என்று கேட்டால் என்னைத்தான் கை காட்டினார்கள். நீங்கள் கேட்டதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது.

என் பெயர் நாகமணி. புருஷன் செத்த பிறகு தம்பி சன்னாசி வீட்டில்தான் இருக்கிறேன். தம்பி துரை பங்களாவில் தோட்டக்காரன். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளும் பட்டாளமும் சுட்டுக்கொள்ள ஆரம்பித்ததும் துரைசானி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டாள். அந்தப் பிள்ளைகள் விட்டுப்போன ஒரு சீட்டுக் கட்டைத் தம்பி கொண்டுவந்தான். அதில் ராஜா, ராணி கிடையாது. எல்லாம் பண்ணை மிருகங்கள். மாடு இரண்டு, ஆடு இரண்டு, வாத்து இரண்டு என்று ஜோடி ஜோடியாக இருக்கும். கழுதை மட்டும் ஒற்றை.

ஆட்டம் சின்னப் பிள்ளைக்கும் புரியும். சீட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர் கையிலிருந்து பார்க்காமல் ஒன்றை உருவ வேண்டும். ஜோடி சேர்ந்தால் அந்த மிருகம் மாதிரிக் கத்திவிட்டுக் கீழே போட்டுவிடலாம். கடைசியில் யார் கையில் கழுதை தங்குகிறதோ அவர் தோற்றார். தோற்றவர் கழுதையாகக் கத்த வேண்டும். எப்படிக் கத்துவது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. தம்பி பெண்டாட்டி புஷ்பவள்ளிதான் சொல்லிக்கொடுத்தாள். அவள் கல்யாணத்துக்கு அப்புறம் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவள். வண்ணான் கழுதையை நிறையப் பார்த்திருக்கிறாள்.

அவசரகாலம். எஸ்டேட்டைச் சுற்றி முள்கம்பி. விளக்கு வைத்தால் ஊரடங்கு, வெளியே தலை நீட்ட முடியாது. வேறு என்னதான் செய்வது? தம்பி, புஷ்பவள்ளி, அவர்கள் மகள் கலாவதி, நான் என்று நாலு பேரும் உட்கார்ந்துவிடுவோம். குட்டிப் பயல் செல்லன் அம்மா மடியில் இருந்தபடியே எல்லாச் சீட்டுக்கும் மாடு மாதிரிக் கத்துவான். ஆரம்பத்தில் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

பிறகு புஷ்பவள்ளி ஒன்றைக் கண்டுபிடித்தாள். கழுதை கைக்கு வந்தால் என் மூக்கு விடைக்குமாம். யாராவது அந்தச் சீட்டின் மேல் விரலை வைத்தால் இன்னும் விடைக்குமாம்.

"கலா, அத்தை மூக்கப் பாத்துக்கிட்டே விரல ஓட்டு. விடைச்சா அத உட்டுட்டு அடுத்தத எடு" என்றாள்.

அதோடு தீர்ந்தது. கழுதை ஒருமுறை என்னிடம் வந்தால் ஆட்டம் முடிகிறவரை என்னிடம்தான். நான் கத்துவேன், அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தம்பியும் சிரித்தான். அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். லயத்துப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் எல்லாம் கேட்கும். புஷ்பவள்ளிக்கு எதையும் மனதில் வைக்கத் தெரியாது. மறுநாள் பால் மரம் வெட்டப் போகிற இடத்தில் என் மூக்கைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்று சட்டம். கம்பி வாசலைத் தாண்டி ஒரு மணி அரிசி போகக்கூடாது. காலையில் வேலைக்குப் போகும்போது ஆண்களைப் போலீஸ் தடவிப் பார்க்கும். பெண்களைத் தடவ ஒரு பெண் வேண்டும் இல்லையா? அது நான். தட்டி மறைப்புக்குள் ஒவ்வொருத்தியாக வருவார்கள். மரியாதையான வேலை. எல்லோரும் அக்கா அக்கா என்பார்கள். மூக்குக் கதை பரவிய பிறகு, வரிசையில் யாராவது ஒருத்தி மெதுவாகக் கழுதைக் குரல் கொடுப்பாள். மற்றவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். யார் என்று பார்த்தால் எல்லோரும் நல்ல பிள்ளைகள்.

நான் ஒன்றும் கடுமையான ஆள் இல்லை. புது வெட்டுத் தொடங்கும் நாளில் மரத்தடி முனியாண்டி கல்லில் ஒரு சிட்டிகை பச்சரிசி போட்டுவிட்டுத்தான் எங்கள் பெண்கள் கத்தியைத் தொடுவார்கள். சேலை நுனியில் முடிந்து கொண்டுபோவார்கள். சட்டப்படி அதுவும் குற்றம்தான். என் விரலுக்கு அந்த முடிச்சு நன்றாகத் தெரியும். தெரிந்தும் "ம், போ" என்று அனுப்பிவிடுவேன். அந்தச் சிட்டிகைக்கு நான் தடை சொன்னதே கிடையாது. இதை நீங்கள் மறக்கக்கூடாது.

செல்லனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி டிரஸர் கொடுத்த மருந்துக்கு இறங்கவில்லை. புஷ்பவள்ளி அழுதுகொண்டே இருந்தாள். அவளுக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன்.

"முனியாண்டிக்கு நேந்துக்க, புஷ்பம். புள்ள காரியத்துல சிட்டிகை எல்லாம் போடக்கூடாது. ரெண்டு கை நெறைய எடுத்துக்கிட்டுப் போய்ப் போடு."

"அம்புட்டு அரிசியா? புடிச்சா ஜெயில் லா அண்ணி."

"யாரு புடிக்கிறது? வாசல்ல நான்தானே நிக்கிறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கூப்பன் அரிசியில் அளந்து நானே துணியில் கட்டிக் கொடுத்தேன். பாவாடை மடிப்புக்குள் வைத்தால் தெரியாது என்றும் சொன்னேன். காலையில் பெரிய போலீஸ் அதிகாரி ஒருவர் வாசலுக்கு வருகிறார் என்று ஆட்களை மேய்க்கிற மண்டோர் நாராயணசாமி முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

காலையில் தட்டிக்குள் வந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நான் பொட்டலத்தை உருவி வெளியே நீட்டினேன்.

"அண்ணி, வெளயாடாதீங்க லா" என்றாள். விளையாட்டு என்றே நினைத்துவிட்டாள். எதையும் விளையாட்டாக எடுக்கிற பெண். அதிகாரி பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கிற வரைக்கும் அவள் முகத்தில் சிரிப்பு போகவில்லை. சிட்டிகை என்றால் திட்டி அனுப்பியிருப்பார்கள். இரண்டு கை அரிசிக்குச் சாமி பெயரைச் சொன்னால் யார் நம்புவார்கள்? லோரியில் ஏற்றும்போது, பிள்ளைக்கு மருந்து கொடுக்கச் சொல்லி என்னைப் பார்த்துத்தான் கத்தினாள். கொடுத்தேன். காய்ச்சலும் இறங்கியது. வரிசையில் அன்று ஒரு சத்தம் இல்லை. மனம் லேசாக இருந்தது, ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

கோலாலம்பூர் ஜெயிலில் வைத்தார்கள். இங்கே பிறக்காதவள் என்பதால் பிறகு கப்பலில் ஏற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வர முடியாது. பிள்ளைகளை அவளோடு விடவில்லை. அரிசி யாருடைய யோசனை என்று அவள் விசாரணையில் சொன்னாளாம். நான் இல்லை என்றேன். சட்டத்தை மதித்தவள் பேச்சை எடுத்துக்கொண்டார்கள். தம்பி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறான்.

பிள்ளைகளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. இப்போதும் விளக்கு வைத்ததும் சீட்டுக் கட்டை எடுத்துவிடுவேன். சிரிப்பு முன்னை மாதிரி இல்லைதான். செல்லன் மாடு மாதிரிக் கத்துவதில்லை. வளர்ந்துவிட்டான் போல. ஆனால் ஆட்டத்தில் நான் நன்றாகத் தேறிவிட்டேன். கழுதை என் கைக்கு வந்தாலும் தங்குவதே இல்லை. கலாவதி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விரலை ஒவ்வொரு சீட்டாக ஓட்டுவாள். ஓரிடத்தில் நிற்பாள். சரியாகக் கழுதையையே உருவிக்கொள்வாள். கடைசியில் தானே மெதுவாகக் கத்துவாள், "போதுமா அத்தை?" என்று கேட்பாள்.

மூக்கு விடைக்கிற பழக்கம் எனக்குப் போய்விட்டது என்று நினைக்கிறேன்.